ஐம்பது மணி நேரப் பேட்டரி

பேட்டரி விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. பெட்டியில் பதினெட்டு மணி நேரம் என்று அச்சடித்திருந்தால் பதினொன்று வரும். பன்னிரண்டு என்று போட்டிருந்தால் ஏழு வரும். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் பதினெட்டு மணி நேரம் வரத்தான் செய்யும். அப்படிப் பார்க்கிற மனிதப் பிறவியை நான் இன்னும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வுக்கூடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் புதிய லேப்டாப்பைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் எங்களிடம் அனுப்புவார்கள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்போம். அதன் அடியில் பெ. மேகலா, முதுநிலை ஆய்வாளர் என்று என் கையெழுத்து இருக்கும். கம்பெனிக்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது.

போன வைகாசியில் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று ‘பொழுது’ என்ற புதிய லேப்டாப்பை அனுப்பியது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஐம்பது மணி நேரம் தாங்கும் என்று கூட வந்த கடிதம் சொன்னது. படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் மேலாளர் ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. நாற்பதாயிரம் பேர் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் வெளியீடு, இழுத்தடிக்காமல் முடித்துக்கொடுங்கள் என்றார். நான் எதையும் இழுத்தடிப்பதில்லை. பேட்டரி தீர்ந்தால்தானே நான் எழுந்திருக்க முடியும்?

முதலில் கருவிச் சோதனை. விரல் போல அசைகிற எந்திரம் ஒன்று பகலெல்லாம் தட்டச்சு செய்யும், வீடியோ ஓட்டும். பொழுது இருபத்து மூன்று மணி நேரம் தாங்கியது. ஐம்பது எங்கே, இருபத்து மூன்று எங்கே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனால் விதிப்படி இரண்டாவது சோதனையும் உண்டு. ஆய்வாளர் ஒருவர் அந்த லேப்டாப்பை மூன்று வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் சொந்தச் சாமான் போலப் பயன்படுத்த வேண்டும். இதை எங்கள் கூடத்தில் ‘மறுவீட்டுக்கு அனுப்புவது’ என்போம். புது மாப்பிள்ளையின் குணம் மறுவீட்டில்தான் வெளியே வரும் என்று எப்போதோ யாரோ கிண்டலாக வைத்த பெயர், பதிவேடு வரைக்கும் ஏறிவிட்டது. மறுவீடு போன எந்த லேப்டாப்பும் கருவிச் சோதனையில் காட்டிய நேரத்தைக் காட்டியதில்லை. எப்போதும் குறையும்.

பொழுது என் வீட்டில் முதல் சார்ஜில் முப்பத்தொரு மணி நேரம் ஓடியது. இரண்டாவதில் நாற்பத்து நான்கு. மூன்றாவதில் ஐம்பத்திரண்டு. பேட்டரி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்கிற வஸ்து. இது ஊறுகாய் மாதிரி நாள்பட நாள்படத் தேறிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன். அளவுமானியை மாற்றினேன். வேறு எதிலிருந்தாவது மறைவாக மின்சாரம் வருகிறதா என்று லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

மறுவீட்டு விதிகளில் இன்னொன்று, தினமும் வீடியோ அழைப்பில் பேச வேண்டும், அதுவும் மூன்று வாரமும் ஒரே ஆளிடம். பேட்டரியை அதிகம் தின்பது வீடியோ அழைப்புதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தினமும் என்னோடு பேசச் சம்மதிக்கிற ஆள் ஊரில் யாரும் இல்லை. என் அக்கா திலகவதி மட்டும்தான் நான் அழைத்தால் எடுப்பாள், சண்டை போடுவதற்காகவாவது. ஒருதடவை ஆரம்பித்தால் ஒன்றேகால் மணி நேரம் ஓடும். பேட்டரியைச் சோதிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று நினைத்தேன். பொழுதின் அழைப்புச் செயலியை அவளுடைய போனிலும் இறக்கிக்கொள்ளச் சொன்னேன்.

சண்டை அம்மாவைப் பற்றியது. நாலு வருடத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா குண்டக்கல்லில் இருந்தாள். அத்திம்பேருக்கு ரயில்வே வேலை. தகவல் தெரிந்ததும் கிளம்பினாள். அம்மா முந்தின நாள் மாலையே நினைவு தப்பிவிட்டாள். மறுநாள் மதியம் மூச்சு திணறியது. வெண்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டேன், தொழில் புத்தி. ஆறு, மிஞ்சினால் எட்டு என்றார். அந்த உடம்பை இன்னும் குத்திக் குடைய வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். நாலு மணிக்கு அம்மா போய்விட்டாள். அக்கா ஆறு மணிக்கு வந்து சேர்ந்தாள்.

எனக்காக ரெண்டு மணி நேரம் வச்சிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அத்திம்பேர் ஓய்வு பெற்று இருவரும் காட்பாடிக்கு வந்த பிறகும், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்துகொண்டு, நாங்கள் போனில் மட்டுமே பேசினோம். எங்கே ஆரம்பித்தாலும் அவள் கடைசியில் ஒரே கேள்விக்கு வருவாள்: அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா? நினைவே இல்லாதவங்க என்னத்தைச் சொல்வாங்க என்று நான் கத்துவேன். யாராவது ஒருத்தர் போனை வைப்போம்.

மறுவீட்டின் முதல் நாளும் அப்படித்தான் நடந்தது. ஒன்றரை மணி நேரம். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம். ஐந்தாம் நாள் முப்பது நிமிடம். ஒன்பதாம் நாள் அக்கா திடீரென்று பேச்சை நிறுத்தினாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“விடுடி மேகலா. நீ செஞ்சது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்,” என்றாள்.

அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பதினோரு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டோம். வைத்த பிறகு நாலு தோசை சாப்பிட்டேன். நாலு வருடத்தில் எனக்கு அப்படிப் பசித்ததே இல்லை. அதற்கப்புறம் தினமும் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி, அத்திம்பேரின் சர்க்கரை, எதிர்வீட்டுக் கல்யாணம் என்று சாதாரண அக்கா தங்கை போலப் பேசினோம். அக்கா விட்டுக்கொடுக்கிற ரகம் கிடையாது. பதினெட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாலே முகர்ந்து பார்க்கிற நான், இதை மட்டும் முகர்ந்து பார்க்கவில்லை. நன்றாக இருந்ததால் நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஐம்பத்திரண்டு மணி நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுவீடு முடிந்த அன்று லேப்டாப்பைச் செம்பு அறைக்குக் கொண்டுபோனேன். எங்கள் கூடத்தின் கோடியில் உள்ள அந்த அறைக்குச் சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் செம்புத் தகடு பதித்திருக்கும். கதவைச் சாத்திவிட்டால் எந்த அலையும் உள்ளே வராது, வெளியே போகாது. உள்ளே போனால் போன் சிக்னலைத் தேடித் தேடியே செத்துவிடும் என்பதால், கோவிலில் செருப்பு விடுவது போல வாசலில் ஒரு தட்டில் போனை விட்டுவிட்டுத்தான் நுழைவோம். சிக்னல் போனதும் லேப்டாப்பின் ரேடியோ எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்று பார்ப்பதுதான் என் திட்டம். எல்லா லேப்டாப்பும் அந்த நேரத்தில் அலறியடித்துக்கொண்டு இழுக்கும்.

அளவுமானியை மாட்டினேன். அக்காவை அழைத்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை, நடுவில் அழைப்பு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அவள் மாவு அரைக்கிற கடைக்காரன் உளுந்தில் கைவைக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டேன்.

அளவுமானியின் முள் ஏறவில்லை. இறங்கியது. அக்கா பேசிக்கொண்டே இருந்தாள்.

கதவைப் பார்த்தேன். தாழ் சரியாக விழுந்திருந்தது. சிக்னல் மானியைப் பார்த்தேன். பூஜ்ஜியம். உளுந்து அரைக் கிலோ கொடுத்தால் கால் கிலோ மாவு கூட வருவதில்லை என்றாள் அக்கா. 

“அக்கா, மூணு விரல் காட்டு,” என்றேன்.

அவள் சிரித்தாள். மூன்று விரலைக் காட்டினாள். மோதிர விரலில் அந்தப் பழைய பவழ மோதிரம் இருந்தது. “என்னடி, கண் டாக்டர் ஆயிட்டியா?” என்றாள்.

அவளை அப்படியே பேசவிட்டுவிட்டு வெளியே ஓடிக் கதவைச் சாத்தினேன். தட்டிலிருந்த போனை எடுத்து அவளுடைய எண்ணை அழைத்தேன். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. மறுபடியும் அழைத்தேன். அதே பதில். காட்பாடியில் அக்கா இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் அம்பத்தூரில் வாசல் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து நௌஃபல் என்ற பொறியாளர் வந்தார். முப்பது வயதிருக்கும். நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தது, அதனாலேயே கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். நான் நடந்ததைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடியோ அழைப்பில் சிக்னல் அரை நொடி விட்டுப்போனால், அந்த அரை நொடியில் எதிராளி என்ன சொல்லியிருப்பார், முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புவது பழைய வித்தை என்றார். இல்லாவிட்டால் குரல் விக்கும். பொழுதிலும் அதைத்தான் வைத்தார்களாம்.

“அரை நொடி எப்படித் தம்பி பதினோரு நிமிஷம் ஆச்சு?” என்று கேட்டேன்.

“நாங்க ஆக்கலை மேடம். ஐம்பது மணி நேரம்னு இலக்கு மட்டும்தான் குடுத்தோம். எப்படிப் போய்ச் சேர்றதுன்னு அதுவே கத்துக்கிச்சு. பேட்டரியை அதிகம் சாப்பிடறது ரேடியோ. ஆளைப் பத்தின ஊகம் நல்லா இருந்தா ரேடியோவை எழுப்பவே தேவையில்லைன்னு கண்டுபிடிச்சிருக்கு.”

ஆள் பழகப் பழக ஊகம் கூர்மையாகும், அதனால்தான் நாளாக நாளாக மணி நேரம் ஏறுகிறது. கருவிச் சோதனையில் எந்திர விரலுக்கு அக்காவும் இல்லை, அம்மாவும் இல்லை, அதனால் இருபத்து மூன்றிலேயே நின்றுவிட்டது. இரண்டு முனையிலும் செயலி இருந்தால் அவளுக்கு என்னைக் காட்டும், எனக்கு அவளைக் காட்டும். அழைப்பு முடிந்த பிறகு இரண்டும் ஒரு சின்னச் சுருக்கத்தை மாற்றிக்கொள்ளும், மறுநாள் பேச்சு முரண்படாமல் இருக்க. எல்லாம் நௌஃபல் மெதுவாகச் சொன்னார். ஏதோ வீட்டு விஷயம் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அழைப்பு ஏன் சுருங்கியது என்று கேட்டேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“சண்டை போட்டா பேச்சு நீளுது மேடம். சமாதானம் ஆனா சீக்கிரம் வச்சிடறாங்க. அதுக்கு நல்லது கெட்டது ஒண்ணும் தெரியாது. சமாதானம் செலவு கம்மின்னு மட்டும் தெரியும்.”

எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்தில் டீயை ஊற்றியிருக்க வேண்டும். அக்காவின் அந்த ஒரு வார்த்தைக்காக நாலு வருடம் காத்திருந்தேன். அதைப் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு பெட்டி எனக்குக் கொடுத்திருக்கிறது. முன்னோட்டத்துக்குக் கொடுத்த இருநூறு பேரில் பலர் நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்றார் நௌஃபல். ஈரோட்டில் பிரியப் போன ஒரு தம்பதி சேர்ந்துவிட்டார்களாம். ஒரு மாமியாரும் மருமகளும் தினம் கொஞ்சிக்கொள்கிறார்களாம். அவர்களுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

“எதை வச்சு இதெல்லாம் ஊகிக்குது?”

“நீங்க பேசறதை வச்சு. அதைவிட, பேசாததை வச்சு. எந்தக் கேள்விக்குத் தயங்கறீங்க, எங்க மூச்சை இழுக்கறீங்க, எந்த இடத்துல குரலை உசத்தறீங்க. நீங்க பாதியில விழுங்கினதை அது முடிச்சு வைக்கும் மேடம்.”

அந்த ஒன்பதாம் நாள் அழைப்பின் பதிவு வேண்டும் என்று கேட்டேன். பேச்சு பதிவாகாது, எத்தனை நொடி உண்மையில் ரேடியோ வழியாகப் போய் வந்தது என்பது மட்டும் இருக்கும் என்று எடுத்துக் காட்டினார். பதினோரு நிமிட அழைப்பில் நாற்பது நொடி. எப்படி இருக்க, சாப்பிட்டியா, அவ்வளவுதான் அக்கா. மிச்சத்தை எல்லாம் அது பேசியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எல்லா நாளும் அதே கதைதான். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். ‘தேறவில்லை’ என்று போட்டேன். ஆரோக்கியசாமி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நாம் சான்று கொடுப்பது மணி நேரத்துக்கு, ஐம்பது கேட்டார்கள், ஐம்பத்திரண்டு வந்திருக்கிறது, இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் எங்கே இருக்கிறது என்றார். கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள் என்றேன். அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சனிக்கிழமை விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா என்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும், அது பொய் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் அதே பதினோரு நிமிடத்தில் அவளுடைய போனிலிருந்த மேகலா அவளிடம் என்ன சொன்னாள்? அக்கா சமாதானமாகி வைக்கும்படி அந்த மேகலா எதைச் சொன்னாள்? செய்தது தப்பு என்று என் சார்பில் காலில் விழுந்திருப்பாளோ? நான் நாலு வருடம் கேட்காத மன்னிப்பை ஒரு பெட்டி கேட்டிருந்தால் அதை விட்டுவைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் காட்பாடி ரயிலில் ஏறினேன். உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று ஒரு பெரிய நியாயவாதி போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்த அக்கா அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்துப்போய்விட்டேன் என்றாள். அத்திம்பேர் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். வெண்டைக்காய் சாம்பாரும் அப்பளமும் வைத்துச் சாப்பாடு போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து மோர் ஊற்றினாள். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

“நீ அன்னிக்குச் சொன்னதுக்கு அப்புறம்தான்டி நான் ஒழுங்கா தூங்கறேன்.”

“என்னக்கா சொன்னேன்?”

“திரும்ப எதுக்கு அதெல்லாம்?”

“சொல்லுக்கா. நான் சொன்னதை அப்படியே சொல்லு.”

அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அம்மா காலைல முழிச்சாங்கன்னு சொன்ன. பெரியவ எங்கன்னு கேட்டாங்கன்னு. பன்னெண்டு வருஷம் நீதான் பாத்துக்கிட்ட, கடைசில அவங்க வாயில என் பேரு வந்தது உனக்குத் தாங்கலைன்னு. பொறாமைல என்கிட்ட மறைச்சுட்டேன்னு சொல்லி அழுத. எனக்கு உன் மேல கோபமே வரலைடி. அம்மா என்னைத் தேடினாங்கன்னு இப்பவாவது தெரிஞ்சுதேன்னுதான் இருந்துச்சு.”

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை, அத்திம்பேரிடம் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லவில்லை. அம்மா முந்தின நாள் மாலையே நினைவு தப்பிவிட்டாள் என்று மேலே எழுதியிருக்கிறேன், இல்லையா? நாலு வருடமாக அக்காவிடம் சொன்ன பொய்யைப் பழக்கதோஷத்தில் உங்களிடமும் சொல்லிவிட்டேன். அம்மா காலையில் கண் திறந்தாள். ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் விலக்கிவிட்டுப் பேசினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் அவளுடைய பீயும் மூத்திரமும் அள்ளினவள் நான். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அக்காவிடம் லேப்டாப் விஷயத்தைச் சொன்னேன். புரியவைக்க நேரமாயிற்று. மூன்று விரல், செம்பு அறை, நாற்பது நொடி எல்லாம் சொன்னேன். கைகழுவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை சொன்னேன். நீ மூணு விரல் காட்டினியா என்று கேட்டேன். இல்லை, நீதான் ஏதோ பாட்டு பாடிக் காட்டினாய் என்றாள். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. போனைப் பார்த்தாள். அதை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“அப்ப அன்னிக்குப் பேசினது நீ இல்ல.”

“இல்லக்கா.”

“அப்ப அம்மா என்னைக் கேக்கலையா?”

அவள் முகத்தில் இருந்தது எல்லாம் வடிந்துகொண்டிருந்தது. நான் இல்லை என்று சொன்னால் போதும். அது பெட்டி கட்டிவிட்ட கதை, அம்மாவுக்கு நினைவே இல்லை என்று சொன்னால் முடிந்தது. நௌஃபலின் பதிவே எனக்குச் சாட்சி. ஆமாம் என்று சொன்னால் அக்காவுக்கு அம்மா கிடைப்பாள், எனக்கு அக்கா கிடைக்கமாட்டாள். அந்தப் பெட்டி அவளிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தது. எந்தப் பாதியில் கோபம் வராதோ அந்தப் பாதியை.

“கேட்டாங்கக்கா,” என்றேன். “மூணு தடவை.”

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். “எப்போ?”

“காலைல பத்து மணிக்கு.”

“நீ கையெழுத்துப் போட்டது?”

“ரெண்டு மணிக்கு.”

அவள் விரலை மடக்காமல் மனசுக்குள் எண்ணுவது தெரிந்தது. டாக்டர் சொன்ன ஆறு மணி நேரம் அவளுக்கும் தெரியும், எத்தனையோ சண்டையில் நானே சொல்லியிருக்கிறேன்.

“வண்டி லேட்டு, கையெழுத்துப் போடறப்ப நான் எங்க வரேன்னு உனக்குத் தெரியாதுன்னு சொன்னியே. நான் ரேணிகுண்டாலேர்ந்து போன் பண்ணினது, கையெழுத்துக்கு முன்னாடியா, அப்புறமா?”

அதை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

“முன்னாடி,” என்றேன். “நீ வச்ச உடனே எழுந்துபோய்ப் போட்டேன். அம்மாவுக்கு வலிக்கக் கூடாதுன்னு போட்டேனா, நீ வந்து பாக்கக் கூடாதுன்னு போட்டேனான்னு எனக்கே தெரியலக்கா.”

 தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். சத்தம் தெருக்கோடி வரை போய்த் தேய்ந்த பிறகும் அக்கா கவிழ்த்து வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன்.